கோவை டவுன் பஸ்: எட்டு மாசமா ஏறி எறங்குன ஒருத்தியோட ரிவ்யூ

ஸ்கூட்டிய தொடவே கூடாதுன்னு எலும்பு டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆச்சுங்க, முட்டில ஜவ்வு கிழிஞ்சுருச்சு, அது தனிக்கதை. எனக்கு வேலை கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைல அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன், வீடு வடவள்ளி தாண்டி. பில்லு க்ளோஸ் பண்ணி கேஷ் டேலி ஆகி வெளிய வரப்போ ஒம்பதரை ஆயிரும், ஆடித் தள்ளுபடி தீபாவளி சீசன்னா பத்தரை. காலேஜ் முடிச்சதுக்கப்பறம் டவுன் பஸ் பக்கமே எட்டிப் பாக்காதவ, இந்த எட்டு மாசமா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு தெனமும் ஏறி எறங்கறேன். நாத்தனார்ல இருந்து கடைல புதுசா சேந்த புள்ளைங்க வரைக்கும் "அக்கா, பஸ்ஸு சேஃபா, போலாமா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரே கதைய சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா இங்கயே எழுதிப் போட்டர்றேன்.

படிக்க நேரமில்ல மார்க்க மட்டும் சொல்லுன்னு கேக்கறவங்களுக்கு: பஸ்ஸுக்குள்ள அஞ்சுக்கு மூணரை. பஸ்ஸுக்காக நிக்கறதுக்கு ஒண்ணு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா ரெண்டே காலுன்னு எனக்கும் தெரியும், கணக்குப் புஸ்தகத்துக்கு அது சரி, ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு ஸ்டாப்ல ஒத்தையா நிக்கறவளுக்கு அந்தக் கணக்கு உதவாதுங்க.

வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்தவங்களுக்கு ஒரு விசயம் மொதல்ல சொல்லணும். சென்னை மாதிரி இல்லாம, இங்க டவுன் பஸ்ஸுன்னா அரசு பஸ் மட்டும் கிடையாது, ஒரே ரோட்டுல அரசு பஸ்ஸும் ஓடும் தனியார் பஸ்ஸும் ஓடும், ரெண்டும் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஒண்ணா வந்து நிக்கும். அரசு பஸ்ஸுக்கு 1972-ல சேரன் போக்குவரத்துக் கழகம்னு பேரு வெச்சாங்க, 1997-ல தலைவர்க பேரு மன்னருங்க பேரெல்லாம் வேணாம்னு எல்லாத்தையும் ஒரே பேருக்கு மாத்துனாங்க, ஆனா எங்க மாமியாருக்கு இன்னிக்கும் அது "சேரன்"தான். "ஏங்கண்ணு, சேரன்ல வந்தியா, பிரைவேட்ல வந்தியா"ன்னுதான் கேப்பாங்க. சேரன்ல வந்தேன்னு சொன்னா டிக்கெட் காசு மிச்சம்னு அர்த்தம், பிரைவேட்டுன்னா சீக்கிரம் வந்துட்டேன்னு அர்த்தம். இந்த ஒரு கேள்வியிலயே நம்மூரு பஸ்ஸோட பாதி ரிவ்யூ முடிஞ்சுரும்னு வெச்சுக்கங்களேன்.

பிரைவேட் பஸ்ஸ மொதல்ல பாக்கலாம். உள்ள ஏறுனா சாமி படத்துக்கு மல்லிகைப்பூ சரம், அதச் சுத்தி ஓடற கலர் சீரியல் லைட்டு, சீட்டுக்கு அடில இருந்து குமுறற ஸ்பீக்கர்ல எண்பதுகள்ல வந்த பாட்டு. முன்னாடி பாதி பொம்பளைங்களுக்கு, பின்னாடி பாதி ஆம்பளைங்களுக்கு. கூட்டத்துல கண்டக்டர் முன்னால வர முடியலைன்னா காசு கை மாறி கை மாறிப் பின்னாடி போகும், "ஒரு லாலி ரோடு பாஸ் பண்ணுங்க"ன்னு குடுத்தா ஏழெட்டுக் கை தாண்டி டிக்கெட்டும் மீதி சில்லறையும் அப்படியே திரும்பி வரும், எட்டு மாசத்துல ஒரு தடவகூட எனக்கு ஒரு ரூவா கொறஞ்சதில்ல. நிக்கற புள்ளைங்களோட ஸ்கூல் பேக்க உக்காந்திருக்கறவங்க கேக்காமயே வாங்கி மடில வெச்சுக்குவாங்க. ஒரு நாளு என் மடில மூணு பேக்கு, ஒண்ணுல இருந்து சாம்பார் ஒழுகி என் சுடிதார் பூரா நாறிப்போச்சு, அது வேற.

கிலி எங்கன்னா ஓட்டறதுல. முன்னாடி ஒரு பஸ் கண்ணுல பட்டுட்டா போச்சு, ஏர் ஹாரன அமுக்கிட்டே சைடு வாங்கி, அடுத்த ஸ்டாப்ல அதுக்கு முன்னாடி குறுக்க கொண்டுபோய் நிறுத்தி, ஏறறவங்க ரெண்டு கால் வெக்கறதுக்குள்ள "ரைட் ரைட்". படிக்கட்டுல காலேஜ் பசங்க கொத்தா தொங்குவாங்க, கதவு இருக்கற பஸ்லயே கதவத் தெறந்து கயித்துல கட்டி வெச்சிருக்கறத பாத்திருக்கேன். ஒரு நாளு எந்த பஸ்ஸுன்னு சொல்லல, ஒருத்தரு பொழப்புல மண்ணு விழ வேணாம், வடகோவை பாலம் எறங்கறப்ப அடிச்ச பிரேக்ல கம்பியப் புடிச்சிருந்த பாட்டியம்மா ஒண்ணு அப்படியே இன்ஜின் பொட்டி மேல போய் விழுந்துருச்சு. டிரைவரு திரும்பிப் பாத்து "கெட்டியாப் புடிச்சுக்கோணுமுங்கம்மா"ங்கறாரு. அந்த அம்மாவும் என்னமோ தன் தப்பு மாதிரி "ஆமா சாமி"ன்னு எந்திரிச்சு நிக்குது.

அன்னிக்கு நானும் டிரைவரத்தான் மனசுக்குள்ள திட்டுனேன். ஆனா டெய்லி ஏறி ஏறிப் பாத்ததுல புரிஞ்சது, இது ஆளோட கொணம் மட்டும் கெடையாது, கணக்கு அப்படி எழுதியிருக்காங்க. பெர்மிட்டுல ஒவ்வொரு ட்ரிப்புக்கும் டைமிங் இருக்கு, நிமிசம் தப்புனா டைம் கீப்பர் கிட்ட சண்டை, பின்னாடி வர்ற பஸ்காரன் நம்ம ஸ்டாப்பு ஆளுங்களையும் சேத்து அள்ளிட்டுப் போயிருவான், டிரைவர் கண்டக்டருக்குப் பேட்டாவே அன்னிக்குக் கலெக்‌ஷன வெச்சுத்தான். அப்ப ரோட்டுல நிக்கற ஒவ்வொரு தலையும் அவங்களுக்குக் காசு, முன்னாடி போற பஸ் அந்தக் காசத் திருடறவன். ஆளுக்காகப் பறக்கறான், அதே ஆளுக்காக லாலி ரோட்டுல அஞ்சு நிமிசம் உருட்டிட்டும் நிக்கறான். டெல்லில ப்ளூலைன்னு தனியார் பஸ்ஸுங்க இதே மாதிரி கலெக்‌ஷனுக்குப் போட்டி போட்டு ஓடி எத்தனையோ பேர அடிச்சுக் கொன்னு, கடைசில 2010 காமன்வெல்த் போட்டி சமயத்துல இருந்து ஓரங்கட்டி ஒழிச்சே கட்டுனாங்க. சென்னைல 2025 ஜூன்ல வந்த கரண்டு பஸ்ல வேற வழி பண்ணிருக்காங்க, பஸ்ஸும் டிரைவரும் தனியார் கம்பெனியோடது, கண்டக்டரும் டிக்கெட் காசும் அரசோடது, கம்பெனிக்கு ஓடுன கிலோமீட்டருக்குத்தான் பணம். அம்பது பேர் ஏறுனாலும் அஞ்சு பேர் ஏறுனாலும் டிரைவருக்கு ஒண்ணுதான், அப்பறம் எதுக்கு இன்னொரு பஸ்ஸ முந்தப் போறாரு. நம்மூரு பிரைவேட்காரங்களையும் இப்படி ஒரு கணக்குக்குள்ள கொண்டு வந்தா அந்த ஏர் ஹாரன் சத்தம் பாதி தன்னால அடங்கிரும்னு எனக்குத் தோணுது, அக்கவுண்ட்ஸ் மண்டைக்கு அப்படித்தான் தோணும்.

இனி சேரன். 2021 மே 8-ல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். இத ஓசின்னு நக்கல் பண்றவங்கள எங்க கடை செக்‌ஷன்ல ஒரு வாரம் உக்கார வெக்கோணும். சேல்ஸ்ல நிக்கற புள்ளைங்க சம்பளத்துல மாசம் பஸ்ஸுக்கு மட்டும் ஆயிரம் ரூவா வரைக்கும் போயிட்டு இருந்துச்சு, அது நின்னதும் ஒருத்தி சீட்டுப் போட்டு ஒரு வருசத்துல கம்மல் எடுத்தா, எனக்கு அது நேர்ல தெரியும். ஆனா இந்த ஃப்ரீ பிரைவேட்ல கெடையாது, எக்ஸ்பிரஸ் போர்டு போட்டா கெடையாது. அதனால என்ன ஆகுதுன்னா ஸ்டாப்ல ரெண்டு பிரைவேட் காலியா வந்து போகும், புள்ளைங்க ஏறாம சேரனுக்கு நிக்கும். காசு மிச்சம் பண்றதுக்காக இருட்டுல இருபது நிமிசம் கூடுதலா நிக்கறாங்க பாருங்க, ஃப்ரீ டிக்கெட்டுக்கு அவங்க குடுக்கற வெலை அது. பஸ் எண்ணிக்கைய ஏத்தாம டிக்கெட்ட மட்டும் எடுத்தா பாதி உதவிதான்.

சேரன் ஓட்டறதுல நிதானம், அதுல கொற சொல்ல மாட்டேன். பழைய பஸ்ஸு படிதான் கொடுமை. மொதப் படி என் முட்டி ஒசரம், கம்பியப் புடிச்சு ஒடம்பத் தூக்கி உள்ள போடோணும். போன வருசம் சென்னைல தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப அங்க 2024 ஆகஸ்ட்ல வந்த தாழ்தள பஸ்ல ஏறுனேன், பஸ் நின்னதும் புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்படியே நம்ம பக்கமா கொஞ்சம் சாஞ்சு எறங்குது, பிளாட்பாரத்துல இருந்து வீட்டு வாசப்படி ஏறற மாதிரி ஏறிட்டேன். சக்கர நாற்காலி ஏத்த மடிப்புப் பலகை இருக்கு, உள்ள அதுக்குன்னு எடமும் இருக்கு. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிருச்சு, முட்டி நல்லா இருக்கறவங்களுக்கு இது புரியாது. ஜெர்மனி வங்கிக் கடன்ல வாங்கற இந்த பஸ்ஸுல சென்னையோட சேத்து மதுரைக்கும் கோவைக்கும் பங்கு உண்டு. என் ரூட்டுல ஒண்ணு வரட்டும், மொத நாளே தேங்கா ஒடைக்கறேன்.

இப்ப எல்லாரும் கேக்கற கேள்விக்கு வர்றேன். பஸ்ஸுக்குள்ள ஆம்பளைங்க தொந்தரவு. இருக்கு. எங்கம்மா காலத்துல சேஃப்டி பின்ன கைல வெச்சுட்டுப் போனாங்க, என் பேக்ல இப்பவும் ஒண்ணு கெடக்கு. ஆனா ரெண்டு சம்பவம் சொல்றேன். ஒரு நாள் சாயங்காலம், முன்னாடி நின்ன ஒரு ஆளு பிரேக் அடிக்காமயே ஒரு காலேஜ் புள்ள மேல சாஞ்சு சாஞ்சு விழறான், அது ஒடம்பக் குறுக்கிட்டு வேர்த்து நிக்குது, வாயத் தொறக்கல. பக்கத்துல இருந்த காய்கறிக்கார அக்காதான் "யோவ், பின்னாடி போய்யா"ன்னு ஒரு சத்தம். கண்டக்டர் நீளமா ஒரு விசில் குடுத்து வண்டிய நிறுத்தி, "எறங்கறியா, இல்ல ஸ்டேஷனுக்கு விடட்டுமா"ன்னு கேட்டாரு, அவன் பம்மிட்டு எறங்கிப் போயிட்டான். பத்து செகண்டு, அவ்ளோதான். இன்னொரு பஸ்ல, பேரு வேணாம், இதே மாதிரி ஒரு விசயத்துக்கு எங்க கடைப் புள்ள போய்ச் சொன்னப்ப "கூட்டம்னா அப்படி இப்படித்தான் இருக்கும் அம்மிணி, சங்கடமா இருந்தா ஆட்டோல போ"ன்னு பதிலு. ஒரே ரோடு, ஒரே டைம், ரெண்டு கண்டக்டர்.

ஆட்டோல போன்னு சொன்ன அந்தண்ணனுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. 2012-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, பஸ்ஸுக்குள்ள பொம்பளைக்குத் தொந்தரவுன்னு புகார் வந்தா டிரைவர் கண்டக்டர் வண்டியப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு விடோணும், விடலைன்னா பெர்மிட்டே ரத்து ஆகலாம்னு. அது வந்ததும் நம்ம தமிழ்நாட்டு வழக்குலதான், தென்காசி பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு கிட்ட ஒரு போலீஸ்காரரே தப்பா நடந்துக்கிட்ட வழக்கு. அதே தீர்ப்புலதான் பஸ் ஸ்டாண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கமெல்லாம் மஃப்டில பொம்பள போலீஸ் போடுங்க, கேமரா வைங்கன்னும் சொன்னாங்க. நான் இதப் பிரிண்ட் எடுத்து பேக்ல வெச்சிருக்கேன், இதுவரைக்கும் ஒரு தடவதான் எடுத்துக் காட்டுனேன், வேலை செஞ்சுது. போன்ல பொம்பளைங்க உதவி நம்பர் 181, அவசர நம்பர் 112 ரெண்டையும் சேவ் பண்ணிக்கங்க, போலீஸோட காவல் உதவி ஆப்பும் போட்டு வைங்க, போட்டதோட விடாம ஒருக்கா தொறந்து எப்படின்னு பாத்து வைங்க, பதட்டத்துல கை ஓடாது.

ஆனா ஒண்ணு சொல்றேங்க, எட்டு மாசத்துல நான் பஸ்ஸுக்குள்ள பயந்தத விட ஸ்டாப்ல பயந்ததுதான் ஜாஸ்தி. உள்ள நாப்பது பேர் இருக்காங்க, ஒரு காய்கறிக்கார அக்கா இருக்கும், லைட்டு இருக்கும், கண்டக்டர் விசில் இருக்கும். ஸ்டாப்ல என்ன இருக்கு? ராத்திரி காந்திபுரத்துக்குள்ள நின்னா பரவால்ல, டீக்கடை இருக்கு, பூக்காரம்மா இருக்கு. கடை லேட்டாச்சுன்னு ரோட்டோர ஸ்டாப்ல நின்னு பாருங்க. நிழற்குடைல லைட்டு எரியாது, எரிஞ்சா அது வெளம்பர போர்டு லைட்டு. பஸ் வருமா, போயிருச்சா, இன்னிக்கு ட்ரிப்பே கட்டா, சொல்றதுக்கு நாதி கெடையாது. கால் மணி நேரம் ஆகும், எதுத்தாப்ல கார் ஒண்ணு ஸ்லோ பண்ணும், கண்ணாடி எறங்கும், நான் போன காதுல வெச்சு யாருமே இல்லாத லைன்ல "ஆங்... இங்கதாங்க நிக்கறேன், திரும்பிட்டீங்களா"ன்னு எங்க வீட்டுக்காரரு கிட்டப் பேசற மாதிரி பேசுவேன். அவரு அந்நேரம் திருப்பூர்ல நைட் ஷிஃப்ட்டுல இருப்பாரு. அந்தக் காரு போயிரும். அப்பறம் பஸ் வந்து படில கால வெச்சதும் வர்ற ஒரு நிம்மதி இருக்கே, அத எந்த கேமராவும் குடுக்காது.

அதனாலதான் சேஃப்டின்னு தனியா ஒண்ணு, சர்வீஸுன்னு தனியா ஒண்ணுன்னு பேசறவங்கள எனக்குப் புரியறதில்ல. பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் வந்தா ஸ்டாப்ல எப்பவும் நாலு பேர் நிப்பாங்க, நாலு பேர் நின்னா பொட்டிக்கடைக்காரர் இன்னும் ஒரு மணி நேரம் தெறந்து வெப்பாரு, கடை தெறந்திருந்தா வெளிச்சம். ராத்திரி ஒம்பதுக்கு மேல ஆளு இல்லைன்னு ட்ரிப்ப கொறைக்கறாங்க, ட்ரிப் கொறைஞ்சதால பயந்துட்டு ஆளு வர்றதில்ல. நம்மூருக்குக் கூடுதலா இன்னொன்னு இருக்கு, மருதமலை அடிவாரம் தடாகம் தொண்டாமுத்தூர் பக்கம் லாஸ்ட் பஸ்ஸ விட்டா மனுசனுக்கு மட்டுமில்ல யானைக்கும் பயப்படோணும். சிரிக்காதீங்க, எங்க கடைல பேக்கிங்ல இருக்கற அண்ணன் ஒருத்தர் ஒரு ராத்திரி முழுக்க ஸ்டாப்புக்குப் பக்கத்து வீட்டு மொட்டை மாடில உக்காந்திருந்தாரு.

ரோடு தாண்டறது பத்தி எழுதலைன்னா எங்க அம்மா கோச்சுக்குவாங்க. ரெண்டு மூணு வருசமா ஊருக்குள்ள சிக்னல எடுத்துட்டு யூ-டர்ன் போட்டுட்டாங்க, காரு பைக்கு எங்கயும் நிக்காம வழுக்கிட்டுப் போகுது, நான் ஸ்கூட்டி ஓட்டுனப்ப நானே கை தட்டுனவதான். இப்ப நடந்து பாக்கறேன். வண்டி எப்பவுமே நிக்காதுன்னா நடக்கறவ எப்பத்தான் தாண்டறது? போறப்ப ஒரு பக்கம் ஏறுனா வர்றப்ப எதுத்த பக்கம்தான எறங்கோணும், பஸ் ஏறற ஒவ்வொருத்தரும் ஒரு நாளைக்கு ஒருக்காவது அந்த ரோட்டத் தாண்டியே ஆகோணும். அவினாசி ரோட்டுல 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் 2025 அக்டோபர்ல தெறந்தாச்சு, 1,791 கோடி. கார்ல போனா சுகமா இருக்கு. டவுன் பஸ் ஸ்டாப்பெல்லாம் பாலத்துக்கு அடிலதான் இருக்கு, நாங்க கீழயேதான் இருக்கோம்.

மெட்ரோ வந்தா சரியாயிரும்னு சொல்றவங்களுக்கு, அந்தக் கதை தெரியுமில்ல, அவினாசி ரோடு சத்தி ரோடுன்னு ரெண்டு பாதைல 39 கிலோமீட்டர், 10 ஆயிரம் கோடிக்கு மேல, திட்ட அறிக்கை டெல்லி போய் 2025 நவம்பர்ல திரும்பி வந்துருச்சு, 2011 சென்சஸ்படி ஊருல 20 லட்சம் பேர் இல்லையாமா. அந்தக் கணக்கெடுப்பு எடுத்தப்ப எங்க ஏரியால பாதி சோளக்காடு. அரசியல் பண்றவங்க பண்ணட்டும், எனக்கு வருத்தம் இருக்கு, ஆனா மெட்ரோ வந்தாலும் வடவள்ளிக்கு வரப்போறதில்ல, ஸ்டேஷன்ல எறங்கி நான் மறுபடியும் பஸ்ஸுக்குத்தான் நிக்கோணும். வெள்ளலூர்ல 2020-ல ஆரம்பிச்ச பெரிய பஸ் ஸ்டாண்டே பாதில நின்னுபோச்சு, பெரிய பெரிய விசயமெல்லாம் வர்றப்ப வரட்டும். ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் ஒவ்வொரு ரூட்டுலயும் நாலு ட்ரிப்பு கூடப் போட்டு, எந்த ட்ரிப்பு எத்தனை மணிக்குன்னு ஸ்டாப்ல ஒரு தகரத்துல எழுதி வெச்சு, மேல ஒரு லைட்டு. கேரளா கே.எஸ்.ஆர்.டி.சி.ல ராத்திரில பொம்பளைங்க கேக்கற எடத்துல நிறுத்தி எறக்கி விடோணும்னு உத்தரவே போட்டிருக்காங்க, அவங்க பஸ்ஸு தெனமும் நம்ம ஊருக்குள்ள வந்துட்டுத்தான் போகுது, உத்தரவ மட்டும் பாலக்காட்டுலயே எறக்கி விட்டுட்டு வருதாட்ட இருக்கு.

நல்லது ஒண்ணையும் சொல்லிர்றேன். எங்க ரூட்டுல லாஸ்ட்டுக்கு முந்தின ட்ரிப்புல ஒரு கண்டக்டர் வருவாரு, ரிட்டயர்டு ஆகப்போற வயசு. எங்க ஏரியாவுல மூணு நாலு கடைப் புள்ளைங்க அந்த பஸ்லதான் போகும், அவருக்கு எல்லாரு மூஞ்சியும் தெரியும். டிரைவர் கெளப்புனா, "இரு இரு, இன்னும் ரெண்டு புள்ளைங்க வரல"ம்பாரு. அந்தப் பக்கம் செருப்பக் கைல புடிச்சுட்டு ரெண்டு ஓடி வரும். டைம் கீப்பர் கத்துவாரு, இவரு காது கேக்காத மாதிரி டிக்கெட் எண்ணிட்டு நிப்பாரு. பி.என்.புதூர் தாண்டி இருட்டு ஸ்டாப்ல யாராச்சும் ஒத்தையா எறங்குனா, வீட்டாளு வண்டி லைட்டு தெரியற வரைக்கும் விசில் குடுக்க மாட்டாரு. இதெல்லாம் எந்த ரூல் புக்குலயும் கெடையாது, அவரு ரிட்டயர்டு ஆனப்பறம் என்ன பண்றதுன்னும் எங்களுக்குத் தெரியல.

போன வாரம் பில்லிங்ல புதுசா ஒரு புள்ள சேந்திருக்கு, வீடு வீரகேரளம் பக்கம், பஸ் பழக்கமே இல்ல, அவங்கப்பா பயந்துட்டு தெனமும் ராத்திரி டிவிஎஸ்ல வந்து கடை வாசல்ல நிக்கறாரு. நான் கூட்டிட்டுப் போறேன் போங்கண்ணான்னு சொல்லி திங்கள்ல இருந்து என்கூடத்தான் வருது, எந்த பஸ்ல ஏறலாம் எதுல ஏறக்கூடாதுன்னு எல்லாம் காட்டிட்டு இருக்கேன். ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு லீவு, பஸ்ஸும் கம்மி, அன்னிக்கு டிவிஎஸ்லயே வந்துருங்கன்னு அவங்கப்பாகிட்டச் சொல்லிருக்கேன்.